கைராசி

பருத்திச் செடி சாவது சத்தமில்லாத காரியம். காலையில் பச்சையாக நிற்கும். மத்தியானம் இலை தொங்கும். வெயிலுக்குத் தொங்குகிறது என்று விட்டுவிடத் தோன்றும். சாயங்காலமும் தொங்கிக்கொண்டிருந்தால் முடிந்தது. மறுநாள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தானாகக் கையோடு வந்துவிடும். வேரின் தோல் ஊறப்போட்ட தேங்காய் மட்டை மாதிரி நார் நாராகப் பிரிந்திருக்கும்.

மயில்சாமியின் தெற்குக் காட்டில் போன வருடம் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு செடி. பிறகு அதைச் சுற்றி ஆறு. ஒரு கட்டில் போடும் இடம் காய்ந்தது. பிறகு ஒரு லாரி திரும்பும் இடம் காய்ந்தது. கடைக்காரன் கொடுத்த மருந்தை வாங்கி வட்டத்துக்குள் ஊற்றினார். வட்டத்துக்கு வெளியே செத்தது. மார்கழியில் பஞ்சு எடுக்கப் போனபோது காட்டில் மூன்று பெரிய சொட்டைகள் விழுந்திருந்தன. மல்லசமுத்திரம் ஏலத்துக்கு மற்றவர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிப் போக, அவர் கொண்டுபோனதை மொபெட்டின் பின்னால் கட்டிவிட முடிந்தது.

அதனால் இந்த வருடம் வேளாண்மை அலுவலர் சண்முகவேல் சொன்னதை எல்லாம் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்.

சண்முகவேல் ஆடி மாதம் ஒரு காலையில் பொட்டலங்களோடு வந்தார். சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு பொடி, முகப்பவுடர் மாதிரி.

"இது மருந்து இல்லீங்க. இதும் ஒரு பூசணம்தான். டிரைக்கோடெர்மா விரிடின்னு பேரு. உங்க மண்ணுல வேர அழுக வைக்கிற பூசணம் இருக்குதில்லீங்களா, அத இது சுத்திப் புடிச்சுத் தின்னுரும்."

"பூசணத்தப் பூசணம் திங்குமா?" என்றார் மயில்சாமி.

"திங்கும். ஆனா இத அப்படியே தூவுனா பத்தாது. தொழு உரத்துல பெருக்கோணும். வெல்லத்தக் காய்ச்சிக் கரைச்சு, அது நல்லா ஆறின பொறவு பொடியக் கலக்கோணும். சூட்டுல போட்டா செத்துரும். உயிருள்ள சாமான். அப்புறம் உரத்துல தெளிச்சுக் கெளறி, ஈரச் சாக்கப் போட்டு மூடுங்க. நிழல்ல இருக்கோணும். ஒரு மூலையில காத்துப் போறதுக்கு இடம் உடுங்க. பதினஞ்சு நாள்ல உரத்து மேல பச்சையாப் படரும். படர்ந்தா செயிச்சீங்க."

நிழல் என்றால் அந்தத் தோட்டத்தில் ஒரே இடம்தான். வேப்பமரத்தடி. அதன் மேற்கில் சௌந்திரத்தின் காளான் கொட்டாய் இருந்தது. பாதி தரைக்குள் தோண்டி இறக்கி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, உள்ளே நீலத் தாள் கட்டியது. நான்கு பக்கமும் ஈரச் சாக்குகள் தொங்கும். மரத்தடிக்கும் கொட்டாய் வாசலுக்கும் பத்து எட்டு வைக்கும் தூரம்தான்.

சௌந்திரம் மயில்சாமியின் மனைவி. பதினொரு வருடம் நூல் மில்லில் வேலை செய்தவள். பஞ்சு மூட்டையைப் பிரித்து அடிக்கும் ப்ளோ ரூமில்தான் பெரும்பாலும். அங்கே நின்றால் புருவமும் மூக்கு மயிரும் வெள்ளையாகிவிடும். கடைசி இரண்டு வருடம் திங்கட்கிழமை என்றால் நெஞ்சை யாரோ மிதித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். திருச்செங்கோட்டு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் போனீன்னா மாடிப்படி ஏற மாட்ட. பொறவு வாசப்படி ஏற மாட்ட" என்றார். மறுநாளே நின்றுவிட்டாள். ஒரு பயிற்சிக்குப் போய் வந்து கொட்டாயைப் போட்டாள். பால் காளான். நெல் வைக்கோலை டிரம்மில் வேகவைத்து, பாதி ஈரத்துக்கு உலர்த்தி, நெகிழிப் பையில் ஒரு அடுக்கு வைக்கோல் ஒரு அடுக்கு காளான் வித்து என்று நிரப்பி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நூல் படர்ந்ததும் மேலே மண் போடுவாள். மூன்று வருடமாக ஒரு பை கெட்டதில்லை.

அதற்குக் காரணம் அவள் சுத்தம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. கைராசி என்றார்கள். மஞ்சள் நடுபவர்கள் முதல் கிழங்கை வைத்துக் கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். தென்னங்கன்று வைப்பவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து கூட்டிப்போனார்கள். மயில்சாமிக்கு இதில் கிண்டலே கிடையாது. போன வருடம் பருத்தி விதைத்தபோது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், முதல் விதையை அவர்தான் போட்டார். அதைத்தான் அவர் அடிக்கடி நினைத்துக்கொண்டிருந்தார்.

"சௌந்திரம், வந்து கை வெச்சுக் குடு" என்று கூப்பிட்டார்.

அவள் வைக்கோல் வேகவைக்கும் அடுப்பிலேயே வெல்லத்தைக் காய்ச்சி இறக்கினாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். "இன்னுங் கதகதன்னு இருக்குது. செத்த நேரம் ஆகட்டும்."

"கைக்கொழந்தைக்குத் தண்ணி ஊத்தற மாதிரி பாக்கற."

"உயிருள்ள சாமான்னு அவருதான சொன்னாரு."

ஆறியதும் பொடியைக் கொட்டிக் கையால் கலக்கினாள். முழங்கை வரை சாம்பல் பூத்தது. உரத்தில் தெளித்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் புரட்டினாள். கொட்டாயில் தொங்கிய ஈரச் சாக்கில் நாலை அவிழ்த்து வந்து மூடினாள். ஒரு மூலையில் காற்றுக்கு இடம் விட்டாள். பிறகு தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு வித்துப் போட வேண்டிய பைகளை நிரப்பக் கொட்டாய்க்குள் போனாள்.

பதினைந்து நாளில் உரத்தின் மேல் பச்சை படர்ந்தது. பாசி மாதிரி வழவழப்பாக இல்லை. பொடிப் பச்சை. சாக்கைத் தூக்கும்போது மெல்லிய புகையாகக் கிளம்பிக் கொட்டாய்ப் பக்கம் போனது. மயில்சாமி அதை முகர்ந்து பார்த்தார். தேங்காய் வாசனை அடித்தது.

"நல்ல வாசனை" என்றார்.

சாக்கு நாலும் திரும்பக் கொட்டாய்க்குப் போயின. அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஒரு வேலை மட்டும் கிடையாது.

*

ஆவணியில் விதைத்தார்கள். முதல் விதை சௌந்திரம் போட்டாள். விதையிலும் அதே பொடியைப் புரட்டியிருந்தார்கள். உரத்தைக் காடு முழுக்க இறைத்தார்கள். பத்து நாளில் சால் சாலாக முளைப்பு. சொட்டை விழுந்த மூன்று இடத்திலும் முளைத்து நின்றது. மயில்சாமி காலையும் மாலையும் அந்த மூன்று இடத்துக்கும் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த வருடம் மழை தள்ளிப்போனது. வெயில் புழுங்கியது. வேரழுகலுக்கு அதுதான் தோதான காலம். பக்கத்துக் காட்டில் அங்கங்கே தொங்க ஆரம்பித்தது. அவர் காட்டில் ஒரு செடி தொங்கவில்லை.

சைபுல்லா தினமும் காலை ஏழு மணிக்கு மொபெட்டில் வருவார். ராசிபுரத்துக்காரர். காளானை வாங்கிக்கொண்டுபோய்த் திருச்செங்கோடு வரை ஓட்டல்களுக்குப் போடுவார். சௌந்திரத்தைவிட நாலு வயது பெரியவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, பிரியாணிக்கு இப்ப பாதிப் பேரு உங்க காளானத்தான் கேக்கறாங்க. இப்படியே போனா மேச்சேரி ஆடெல்லாஞ் சேந்து உங்களுக்குக் கோயில் கட்டும்."

"கட்டட்டும். பூசாரி நீங்கதான்."

"என்னையக் கோயிலுக்குள்ள உட்டா எங்க பள்ளிவாசல்ல சும்மா உடுவாங்களா?" என்று சிரித்தவர், கூடையில் எதையோ பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ஒரு காளானை எடுத்துத் திருப்பினார். தண்டின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பச்சை.

"இதென்னக்கா?"

"மேல்மண்ணு ஒட்டியிருக்கும்."

அவர் விரலால் துடைத்தார். விரல் பச்சையானது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சௌந்திரம் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்தாள். ஆறு பைகளில் இருந்தது. முதலில் வெள்ளையாகத்தான் வருகிறது, காளானின் வேர்நூல் மாதிரியே. இரண்டு நாளில் நடுவில் பச்சை விழுகிறது. ஆறு பையையும் கழற்றிக் குப்பைமேட்டில் போட்டாள். அடுத்த வாரம் பதினேழு.

வைக்கோல் சரியில்லை என்று வேறு ஆளிடம் வாங்கினாள். ஒரு மணி நேரம் வேகவைத்ததை ஒன்றரை மணி நேரம் வேகவைத்தாள். எந்தப் பூசணமும் கொதிக்கிற தண்ணீரில் மிஞ்சாது, அது அவளுக்குத் தெரியும். வித்து கொடுத்தவனிடம் போனில் சண்டை போட்டாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். வைக்கோலைப் பிழிகிற கையையும் வித்துப் போடுகிற கையையும் மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

கடைசியில் மகள் மேல் விழுந்தது. வித்யா திருச்செங்கோட்டில் பி.காம். இரண்டாம் வருடம்.

"நீ தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி கொட்டாய்க்குள்ள வந்தியா?"

"இல்ல."

"வந்த. செவ்வாக்கெழம சாக்கு நனைக்கறதுக்கு வந்த."

"வாசல்ல நின்னு நனைச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? காளானுக்கு எப்படித் தெரியும், நாளக் கணக்குப் பாக்குமா?"

"வாய் பேசாத. மூணு வருசமாக் கெடாதது இப்ப ஏன் கெடுது?"

"அது உன்ற கைய வேணாக் கேளு" என்று சொல்லிவிட்டு வித்யா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கோபத்தில் சொன்னது. அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள் சௌந்திரம். மயில்சாமி நெய் ஊற்றிச் சாப்பிட்டார். அவள் தட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. கதவில் சாய்ந்து உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு பட்டிருக்கும்" என்றார் அவர். "பருத்திக்கு ரெண்டாந் தடவ உரம் போடோணும். நாளைக்கு வெல்லம் வாங்கியாறேன். கை வெச்சுக் குடு."

"என்ற கை இப்ப வெளங்குதான்னு தெரியிலீங்க."

"பருத்தியப் பாரு, வெளங்குதா இல்லையான்னு."

அது உண்மை. பருத்தி முழங்காலுக்கு வந்திருந்தது. அவள் மறுநாள் உரத்தில் கை வைத்தாள். கழுவிவிட்டுக் கொட்டாய்க்குள் போனாள்.

*

புரட்டாசி நடுவில் சண்முகவேல் பருத்தியைப் படம் எடுக்க வந்தார். அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கூட்டி வந்து இந்தக் காட்டைக் காட்டப்போவதாகச் சொன்னார். ஒரு செடியைப் பிடுங்கினார். சுலபத்தில் வரவில்லை. வேர் வெள்ளையாக, தோல் கெட்டியாக இருந்தது.

"பாருங்க" என்றார். தன் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டுகிறவர் மாதிரி இருந்தது முகம்.

திரும்பி வரும்போது குப்பைமேட்டைப் பார்த்து நின்றார். நெகிழிப் பைகள் நாற்பது ஐம்பது கிடந்தன. எல்லாம் பச்சை. வெயிலில் காய்ந்து, காற்றடிக்கும்போது பொடி எழுந்தது. பிறகு வேப்பமரத்தடி உரக்குவியலைப் பார்த்தார். அதன் மேல் கிடந்த சாக்கை, அதே சாக்கு தொங்கும் கொட்டாயைப் பார்த்தார்.

"இது என்ன கொட்டாய்ங்க?"

"என்ற சம்சாரம் காளான் போடறா."

"உரத்த யாரு கலக்கறது?"

"அவதான். ஏன்?"

சண்முகவேல் தொப்பியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணா, நான் வந்தப்ப இது ஆடு கட்டற கொட்டாய்ன்னு நெனச்சுட்டேன். கேக்காம உட்டது என்ற தப்பு. விரிடிக்கு நல்ல பூசணம் கெட்ட பூசணமெல்லாம் தெரியாது. காளானும் பூசணந்தானுங்க. அதையும் தின்னும். காளான் போடறவங்க இத ஊட்டுக்குள்ளயே சேக்க மாட்டாங்க. கை, துணி, சாக்கு, காத்து, எதுல வேணாலும் போகும். இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. குவியலக் காட்டோட அந்தக் கோடிக்குக் கொண்டுபோயிருங்க. கொட்டாய மொத்தமாக் காலி பண்ணி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மூணு மாசம் சும்மா போடோணும்."

மயில்சாமி கொட்டாயைப் பார்த்தார். உள்ளே சௌந்திரம் இருமுவது கேட்டது. இந்த மாதம்தான் அவள் திரும்ப இரும ஆரம்பித்திருந்தாள். பச்சைப் பொடிக்கும் பஞ்சுத் தூசிக்கும் அந்த நெஞ்சில் பெரிய வித்தியாசம் இல்லை.

"நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

"நான் வேணா அக்காகிட்ட..."

"வேண்டாங்க. நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தார். சாப்பிடும்போது வாயைத் திறந்தார். உப்புக் கேட்டார். மறுநாள் குவியலைப் புரட்டும் நாள். சொன்னால் அவள் உரத்தில் கை வைக்க மாட்டாள். அவள் கை வைக்காமல் விதைத்த வருடத்தை அவர் பார்த்திருக்கிறார். குவியலையும் கடைக்கோடியில் தூக்கிப் போடச் சொல்வாள், அங்கே நிழல் இல்லை. இன்னும் இரண்டு தடவை உரம் போட்டுவிட்டால் பருத்தி தப்பித்துவிடும். காளான் எப்படியும் போய்விட்டது. போனதற்கு இன்றைக்குச் சொன்னால் என்ன, ஐப்பசியில் சொன்னால் என்ன. அவர் மனதில் இது பொய் சொல்வதாகப் படவில்லை. பாசனத்துக்கு மடையைத் திறக்கும்போது மேட்டுக் காட்டை அடைத்துப் பள்ளக் காட்டுக்கு விடுவது மாதிரி ஒரு வேலையாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தபோது கொட்டாயில் நல்ல பை ஒன்றுகூட இல்லை. சைபுல்லா மூன்று நாள் வெறும் கூடையோடு திரும்பிப் போனார். நாலாம் நாள் மொபெட்டை நிறுத்தாமல் காலை ஊன்றிக்கொண்டே பேசினார்.

"அக்கா, ஓட்டல்காரங்க வேற எடத்துல சொல்லிட்டாங்க. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒருத்தரு போடறாரு. நானும் அங்கதான் போறேன். உங்களுக்கு வந்துச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. மொதல்ல இங்கதான் வருவேன்."

"வாங்க" என்றாள்.

"அந்தாளோட காளான் ஒண்ணும் உங்களுது மாதிரி இல்ல" என்றார் சைபுல்லா. அது ஆறுதல் இல்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மயில்சாமி களத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டே சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மில்லு வேன் ரோட்டு மேல தினமும் போகுது. ஆளு பத்தலையாமா. ஒரு மூணு மாசம் போயிட்டு வா. பொறவு கொட்டாயக் கழுவிட்டு மறுக்கா ஆரம்பிச்சுக்கலாம்."

"டாக்டரு சொன்னது மறந்துபோச்சுங்களா?"

"மூணு மாசந்தான. மூஞ்சிக்குத் துணி கட்டிக்க. ப்ளோ ரூமு வேண்டாம்னு சொல்லு."

"புதுசாப் போறவள எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா."

அவர் காம்பைக் கல்லில் தட்டி இறுக்கினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "திங்கக்கெழமயிலிருந்து போறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

*

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. மயில்சாமி போனைச் சார்ஜரில் விட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றப் போயிருந்தார். வித்யா எடுத்தாள். கையில் மாவு இருந்ததால் சத்தத்தைப் பெரிதாக்கித் தூணில் சாய்த்து வைத்தாள். சௌந்திரம் பக்கத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இல்லீங்களா? சண்முகவேல் பேசறேன். பருத்தி பாக்க வார புதங்கெழம ஆளுங்க வாராங்கன்னு சொல்லிரும்மா. அப்புறம், அம்மா கொட்டாயக் கழுவிட்டாங்களா? பிளீச்சிங் பவுடர்தான போட்டாங்க?"

"கொட்டாயக் கழுவறதுங்களா?"

"அதாம்மா, அந்த விரிடி பட்டுத்தான காளான் கெட்டுப்போச்சு. உரத்துல கை வெச்சுட்டு உள்ள போகக்கூடாதுன்னு அப்பாகிட்டச் சொன்னனே. மூணு மாசம் சும்மா போடச் சொன்னேன்."

சௌந்திரத்தின் கையில் முறம் நின்றது. போனைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பச் சொன்னீங்க சார்?"



"படம் எடுக்க வந்தப்பங்க. பதினெட்டு நாளாச்சு. அண்ணன் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க" என்றாள் சௌந்திரம். "வெச்சிரு சாமி" என்று மகளிடம் சொன்னாள்.

வித்யா வைத்தாள். "அம்மா" என்றாள். சௌந்திரம் முறத்தை மறுபடி ஆட்டினாள். கல்லும் கொள்ளும் பிரிந்து விழுந்தன. "நாளக் கணக்குப் பாக்கற காளான்னு சொன்னயில்ல. உன்னைய ஏசிட்டேன்" என்றாள். வித்யாவுக்கு அழுகை வந்தது. சௌந்திரத்துக்கு வரவில்லை.

மத்தியானம் மயில்சாமி சாப்பிட உட்கார்ந்தார். கொள்ளுச் சாறும் சோறும். அவள் பரிமாறினாள்.

"சாரு பேசினாரு."

"என்னவாம்?"

"புதங்கெழம ஆளுங்க வாராங்களாமா." சாற்றை ஊற்றினாள். "கொட்டாயக் கழுவியாச்சான்னு கேட்டாரு."

அவர் கை சோற்றில் நின்றது. பிறகு பிசைந்தது.

"பதினெட்டு நாளு" என்றாள்.

"பருத்தியும் போனா மூணு பேரும் எங்க போறது? நீயே சொல்லு."

"மில்லுக்குப் போன்னு சொன்னீங்களே. அன்னிக்கும் தெரியுமுங்களா?"

அவர் சோற்றைத் தின்றார். அவள் இன்னொரு கரண்டி சாறு ஊற்றினாள். போதும் என்று கை காட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வித்யா மட்டும் இரண்டு நாளும் அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது குவியல். தொழு உரம் வேப்பமரத்தடியில் பரப்பிக் கிடந்தது. பருத்தி இடுப்புக்கு வந்து சப்பை மொட்டு விட்டிருந்தது. இந்த மூன்றாவது தடவைதான் முக்கியம் என்று சண்முகவேல் சொல்லியிருந்தார். காய் பிடிக்கிற நேரம், வெயிலும் விடவில்லை, பக்கத்துக் காட்டுச் சீக்கு வரப்பு வரை வந்துவிட்டது. அன்று காலை மயில்சாமி தெற்கு மூலையில் ஒரு செடியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இலை தொங்கியிருந்தது. வெயிலுக்காக இருக்கலாம்.

அவர் மண்வெட்டியோடு மரத்தடியில் நின்றார். கூப்பிடுவதா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு அந்தக் கூச்சம் வந்தது. ஆனால் காட்டை நினைத்தார்.

"சௌந்திரம். கை வெச்சுக் குடு."

வர மாட்டாள் என்று நினைத்தார். வந்தாள். மில்லுக்குப் போக எடுத்து வைத்திருந்த பழைய புடவையைக் கட்டியிருந்தாள். வைக்கோல் அடுப்பைப் பற்றவைத்து சின்ன டிரம்மில் தண்ணீர் ஊற்றினாள். வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். அடுப்புக்குக் காய்ந்த பருத்தி மார்க் குச்சிதான், போன வருடம் செத்தது. படபடவென்று எரிந்தது. தண்ணீர் கொதித்தது. வெல்ல வாசனை தோட்டம் முழுக்க நின்றது. அவள் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து டிரம்மை இறக்கிக் கல் மேல் வைத்தாள்.

அரிவாளால் பொட்டலத்தின் வாயைக் கிழித்தாள்.

"ஆறிருச்சா?" என்றார் மயில்சாமி. இருபது அடி தூரத்தில் நின்றார்.

"ஆறிருச்சுங்க."

டிரம்மிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. பொட்டலத்தைக் கவிழ்த்தாள். பொடி ஆவிக்குள் போய் விழுந்தது. அடுத்த பொட்டலம். அடுத்தது. கையை விடவில்லை. கட்டையால் கலக்கினாள். ஓரத்தில் சாம்பல் நுரை கட்டிப் பொங்கி அடங்கியது.

அவர் ஆவியைப் பார்த்தார். அவள் முழங்கை நனையாமல் காய்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரு சொல் போதும். முதல் பொட்டலம் விழுந்தபோதே போய்த் தடுத்திருந்தால் மற்றதாவது மிஞ்சியிருக்கும். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. மில் வாசலில் நேரம் ஆகக் காத்திருப்பவர்கள் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

மயில்சாமி குனிந்து உரத்தைச் சமமாக இழுத்துவிட்டார்.

அவள் குவளையால் மொண்டு ஊற்றினாள். பட்ட இடத்திலெல்லாம் உரம் புகைந்தது. சாணிப்புழு ஒன்று வெளியே வந்து சுருண்டது.

"எல்லாப் பக்கமும் படற மாதிரி ஊத்து" என்றார்.

"சரிங்க."

அவர் புரட்டினார். அவள் ஊற்றினாள். டிரம் காலியானது. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் இருமினாள், முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினஞ்சு நாளாகும்" என்றார் அவர்.

"ஆமாங்க. பதினஞ்சு நாளாகும்."

தொட்டியிலிருந்து நனைந்த சாக்கை எடுத்து வந்தாள். ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை அவள் பிடித்தாள். குவியலின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து மூடினார்கள். நாலு பக்கமும் கல் வைத்தார்கள். வடக்கு மூலையில் மட்டும், காற்றுப் போவதற்கு, ஒரு கை அளவு இடம் விட்டார்கள்.